கறை தெரியாத தெரு

கையெழுத்துத் தாள் எட்டாவது நாற்காலிக்கு வந்துவிட்டது. முக்கால் உட்கார்ந்திருந்தது பன்னிரண்டாவது நாற்காலியில். நடுவில் மூன்றே பேர். அப்புறம் பேனா அவன் கைக்கு வந்துவிடும்.

வீட்டில் வைத்த பெயர் அவனுக்கும் ஒன்று உண்டு. ஆனால் பதினைந்து வயதில் யாரோ அவன் உயரத்தைப் பார்த்து முக்கால் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. நாற்பத்தேழு வயதாகியும் மீதி வந்து சேரவில்லை. பெயின்ட் அடிக்கிறவனுக்கு உயரம் எதற்கு, ஏணி போதாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

நகராட்சி நூலகத்தின் இரண்டாவது மாடி ஹால் அது. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்றில் காகிதமெல்லாம் பறக்கும், மூடினால் ஆள் அவிந்துபோவான். கடலோர நகரத்தின் அடுத்த இருபது வருஷத்து மாஸ்டர் பிளானைத் திருத்துவதற்காக, குலுக்கல் போட்டுப் பன்னிரண்டு பேரை எடுத்து மக்கள் குழு என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். குலுக்கலில் பெயர் விழுந்திருக்கிறது என்று கடிதம் வந்தபோது, ஃபிரிட்ஜ் ஏதாவது கிடைக்கும் என்றுதான் முக்கால் நினைத்தான். கிடைத்தது கழுத்தில் மாட்டுகிற அட்டை ஒன்றும், சனிக்கிழமை சாயங்காலம் தோறும் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். எட்டு மாதக் கூட்டத்தில் அவன் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி. அதையும் யாரும் குறைக்கவில்லை.

மேஜை மேல் வரைபடம் விரிந்து கிடந்தது. அதில் சிவப்பும் பச்சையுமாகப் பொட்டுகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் அரை மீட்டருக்கு மேல் தண்ணீர் நின்ற இடம் சிவப்பு. சிவப்பில் இனிமேல் புதுக் கட்டடம் கிடையாது, இருக்கிற வீட்டுக்கு மேல் மாடியும் கிடையாது. எந்த இடத்தில் எவ்வளவு நின்றது என்று அலுவலகத்தில் கணக்கில்லை. அன்றைக்கு டியூட்டியில் இருந்தவரே மேஜை மேல் ஏறித்தான் தப்பித்தார். அதனால் சுவரைப் பார்த்து அளந்தார்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை குழுவினர் தெருத் தெருவாகப் போய், வெள்ளம் விட்டுப்போன கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பொட்டு வைத்தார்கள். சொந்தத் தெருவுக்கு யாரும் போகக் கூடாது என்பது விதி.

நல்ல விதிதான். அதனால்தான் முக்கால் தன் தெருவைப் பற்றி இன்றைக்கு வரை வாயைத் திறக்காமல் இருக்க முடிந்தது. வரைபடத்தை இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தான். கடலைப் பார்த்த அந்தத் தெருவில் பதினோரு வீடும் பளிச்சென்று பச்சை. தெருமுனையில் இருக்கும் காலி மனையில் ஒரு சின்னச் சதுரம். அதற்குள் 'பாலர் பள்ளி, தரைத்தளம்' என்று எழுதியிருந்தது.

அதைப் படித்ததும் வாயிலிருந்த பிஸ்கட் மண்ணாகிவிட்டது.

அந்தத் தெருவில் கறை இல்லாமல் போனதற்குக் காரணம் முக்கால்தான். வெள்ளம் வடிந்த மாதமே பதினோரு வீட்டுக்காரர்களும், அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் உட்பட, அவனைக் கூப்பிட்டு, இது கண்ணில் படக் கூடாது, நாளைக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது என்றார்கள். அவனும் உப்புப் பூத்த சுவரைச் சுரண்டி, ஈரம் ஏறாத பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, மேலே இரண்டு பூச்சுக் கொடுத்தான். மற்ற தெருக்களில் இரண்டே மழையில் கறை எட்டிப் பார்த்தது. அவன் அடித்த சுவரில் ஆறு வருஷமாக ஒரு துளி இல்லை. வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே வேலை என்று அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வேலையின் அளவெல்லாம் இப்போதும் அவன் சட்டைப்பையில் இருந்தது. கறைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பிரைமர் ஏற வேண்டும் என்பது அவன் முறை. வீட்டுக்கு வீடு உயரம் மாறும் என்பதால் எழுதி வைத்துக்கொள்வான். அளவு நாடா அப்போது வெள்ளத்தோடு போயிருந்தது. அதனால் சுவரோடு ஒட்டி நின்று பார்த்து, முட்டி, இடுப்பு, நெஞ்சு என்று தன் உடம்பாலேயே அளந்து எழுதினான். பழுது பார்க்கப் போகும்போது வேண்டியிருக்கும் என்று அந்தச் சின்ன நோட்டை அவன் விட்டதே இல்லை. பின்பக்கம் காலியாக இருந்ததால் எட்டு மாதமாகக் குழுவின் குறிப்பும் அதில்தான். குறிப்பு என்றால், பெரும்பாலும் பூனைப் படம்.

பார்வையாளர் வரிசையில் கதவோரம் அக்கா உட்கார்ந்திருந்தாள், மடியில் நீல ஃபைலோடு. ஐஸ் ஃபேக்டரியில் இருபத்தைந்து வருஷமாக வேலை பார்க்கிறவள். அவளுடைய வீடு அந்தத் தெருவில் ஏழாவது. மகள், மாப்பிள்ளை, ஏழு வயதுக் குழந்தை எல்லோரும் அதே வீட்டில்தான். இருப்பது ஒரே ஹால், அதற்கு நடுவே ஒரு பூப்போட்ட திரை. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட். அவர் தூங்கும் பகல் முழுக்க அந்த வீட்டில் டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்காது. மேலே ஒரு மாடி எழுப்ப அக்கா மூன்று தடவை மனுக் கொடுத்தாள். மூன்று தடவையும், பிளான் முடியட்டும் என்று திருப்பிவிட்டார்கள். இன்றைக்குப் பிளான் முடிகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரியே ஃபைலுக்குப் புது உறை போட்டிருந்தாள்.

பதினோராவது நாற்காலியில் மருந்துக்கடைக்காரர். முக்காலின் தெருவில் முதல் வீடு அவருடையது. பூப்போடுவதுபோல நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடாமலே முக்காலிடம் நீட்டினார்.

"போட்டுட்டு எந்திரி. டீ ஆறிடும்."

மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு வாட்ச்மேன் கதவைப் பூட்டுவான். திங்கட்கிழமை காலையில் தாள் நகர்மன்றத்துக்குப் போய்விடும். முக்கால் பேனாவைத் தாளில் வைத்தான். ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளிக்கு மேல் கை நகர மாட்டேன் என்றது. அக்காவைப் பார்த்தான். அவள் ஃபைலின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள், கிளம்புகிற ஆள் மாதிரி.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றான்.

குழுத் தலைவி பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சந்தேகம் இருந்தா கையெழுத்துப் போடக் கூடாது, தம்பி. சொல்லுங்க."

"எங்க தெருவுல கறை இல்லாம இல்லம்மா. நான் அடிச்ச பெயின்ட்டுக்குக் கீழ இருக்கு."

ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எட்டு மாதமாக யாரும் குறைக்காத அதே ஃபேன்.

திட்ட அதிகாரி எழுந்து வந்தாள். சின்ன வயசுப் பெண், காதில் எப்போதும் ஒரு பென்சில். எவ்வளவு உயரத்துக்கு என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார். வாசப்படி நனைந்தது, அவ்வளவுதான், ஆள் குறைவாகப் பேசினால் புத்தி அதிகம் என்று நினைத்துவிடக் கூடாது என்றெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். முக்காலுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. பழக்கதோஷம்.

அவன் நோட்டை எடுத்து நீட்டினான். அதிகாரி புரட்டினாள்.

"முட்டி, இடுப்பு, நெஞ்சு... இது என்ன சார்?"

"என் உடம்புதாம்மா."

மருந்துக்கடைக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சிரிப்பு போயிருந்தது. "இவன் இடுப்பெல்லாம் ஒரு அளவா? இவனுக்கு இடுப்புன்னா நமக்குத் தொடை. ஏன்டா, என் வீட்டுச் சுவத்தை மூடச் சொன்னது நான். காசு குடுத்தது நான். அதை நீ இங்க வந்து அவுத்துக் காட்டுவியா?"

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ மூடறதுக்கு ஏதோ இருந்திருக்கு" என்றார், காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற அதே குரலில்.

மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி பையிலிருந்து இரும்பு நாடாவை எடுத்தாள். தூணில் சாய்ந்து நிற்கச் சொன்னாள். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று முக்கால் கேட்டான். அன்றைக்கு வேலை செய்யும்போது போட்டிருந்தாரா என்று அவள் திருப்பிக் கேட்டாள், சிரிக்காமல். இல்லை என்றான். அப்படியானால் கழற்றுங்கள் என்றாள். பதினோரு பேர் பார்க்க, வார் அறுந்து ஊக்குக் குத்திய இடது செருப்பையும் சேர்த்து இரண்டையும் கழற்றிவிட்டு நின்றான். முட்டி நாற்பத்திரண்டு. இடுப்பு எண்பத்தைந்து. நெஞ்சு நூற்றெட்டு. கழுத்து நூற்று இருபத்தாறு. அவள் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, தலைவி எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் இத்தனை பேர் தன் உயரத்தைச் சிரிக்காமல் கேட்டது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அதை ரசிக்கிற நிலைமையில்தான் அவன் இல்லை.

நோட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்து, வீடு வீடாகப் படிக்கச் சொன்னாள். ஐம்பதைத் தாண்டினால் சிவப்பு.

முதல் வீடு, இடுப்பு. இரண்டாவது, இடுப்பு. மூன்றாவது, நெஞ்சு. ஒவ்வொன்றுக்கும் அதிகாரி பச்சைப் பொட்டை நகத்தால் உரித்துவிட்டுச் சிவப்பை ஒட்டினாள். உரிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு ஒவ்வொரு வாசலும் நினைவுக்கு வந்தது. டீ கொடுத்த வாசல், ஏணி இரவல் கொடுத்த வாசல். நாலு, ஐந்து, ஆறு. தெரு மெதுவாகச் சரிந்து போவதால் அளவு ஏறிக்கொண்டே போனது.

ஏழாவது வீடு. அவன் கையெழுத்திலேயே, பென்சிலில், தெளிவாக இருந்தது. கழுத்து.

அந்தப் பூப்போட்ட திரை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"முட்டி" என்று படித்தான்.

அதிகாரியின் பென்சில் நின்றது. ஆறாவது நெஞ்சு, ஏழாவது முட்டியா என்று கேட்டாள். நோட்டு அவன் கையில் இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீடு கொஞ்சம் மேடு என்று சொன்னான். உண்மையைச் சொல்ல வந்தவனுக்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவனுக்கே தெரியாது. மருந்துக்கடைக்காரர் தலையை நிமிர்த்தினார். அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனார்.

"மேடும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கதவோரத்திலிருந்து வந்தது குரல். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை. அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"அது என் வீடு. அவன் என் தம்பி. அன்னிக்குக் கைக்குழந்தையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு மூணு மணி நேரம் நின்னேன். தண்ணி எனக்கு நெஞ்சு வரைக்கும். நான் அவனைவிட ஒரு தலை உசரம். அவனுக்குக் கழுத்து. ஒழுங்கா படிடா."

முக்கால் படித்தான். "கழுத்து."

ஏழாவது பச்சையும் உரிந்தது. மீதி நாலு வீட்டையும் அவன் எப்படிப் படித்தான் என்று பின்னால் யோசித்தபோது நினைவில்லை. கடைசியில் காலி மனை. தெருவிலேயே தாழ்வான இடம் அதுதான் என்று அதிகாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பள்ளிச் சதுரத்தின் மேல் பென்சிலால் குறுக்கே அடித்தாள். பள்ளிக்கு வேறு இடம் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை இது போகாது, மன்றத்திடம் இரண்டு வாரம் கேட்கிறேன் என்றார் தலைவி. கையெழுத்துத் தாளை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

எல்லோரும் எழுந்தார்கள். அக்கா மட்டும் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை.

"எனக்கும் ஒரு சந்தேகம்" என்றாள். "சிவப்புல மாடி கட்டக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. தண்ணி வந்தா மனுஷன் மேலதானே ஏறணும்? அடுத்த தடவை குழந்தையை எங்க தூக்கறது? இப்ப அது வளந்திருச்சு. தலைக்கு மேல தூக்க முடியாது."

அதிகாரி பென்சிலைக் காதில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். அந்த விதி மேலிடத்தில் போட்டது, மாடி என்றாலே ஆள் கூடும் என்று நினைத்துப் போட்டிருப்பார்கள், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை என்றாள். தலைவி தன் நோட்டைத் திரும்பத் திறந்தார். பதில் தன்னிடம் இல்லை, கேள்வியாகவே எழுதிக்கொள்கிறேன் என்று எழுதினார். அக்கா கிட்டே போய், எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

படியிறங்கும்போது மருந்துக்கடைக்காரர் அவர்களைத் தாண்டிப் போனார், சுவரைத் தாண்டிப் போவதுபோல. இனிமேல் தலைவலி வந்தால் நாலு தெரு நடக்க வேண்டும். தலைவலி வரும் என்றும் நிச்சயமாகத் தெரிந்தது.

அக்கா முன்னால் இறங்கினாள். அவன் செருப்பை மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"ஏன் முட்டின்னு படிச்ச?"

"அந்தத் திரை, அக்கா" என்றான்.

அவள் நின்று திரும்பினாள். இரண்டு படி கீழே நின்றதால் இரண்டு பேரும் ஒரே உயரம். "பாப்பாவோட கட்டில் எந்தச் சுவத்தோரம் கிடக்குன்னு பாத்திருக்கியா? வாரா வாரம் வந்து உக்காந்து சாப்பிடறியே."

பார்த்திருந்தான். கறை இருந்த சுவர். அவன் மூடிய சுவர். அது எதற்காக மூடப்பட்டது என்று தெரியாமல் குழந்தை அதில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"நாளைக்குக் காலையில உப்புத்தாள் எடுத்துட்டு வா" என்றாள் அக்கா. "மாப்பிள்ளை வந்து படுக்கறதுக்குள்ள வேலை முடியணும். அந்தக் கறை வெளிய தெரியட்டும். பாப்பாவுக்கும் தெரியணும்."

நீல ஃபைலை அவன் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போனாள். சாப்பாடு உண்டா என்று கேட்க நினைத்தான், நாக்கைக் கடித்துக்கொண்டான். பட்டி, பிரைமர், இரண்டு பூச்சு. மாப்பிள்ளை வருவது ஏழு மணிக்கு. அவன் அடித்ததையெல்லாம் சுரண்டி எடுக்க, விடிந்த பிறகு ஆரம்பித்தால் நேரம் போதாது. விடியுமுன் நாலு மணிக்காவது ஆரம்பிக்க வேண்டும்.