அம்மனுக்கு ஒரு திரை

கட்டு தளர்ந்திருந்த அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் மறுபடி சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் வேணி. தம்பி ஜெயக்குமார் வந்து, பேனருக்குக் கல்யாணப் படத்தைக் கொடுத்து, அடித்தும் வாங்கிவிட்டதாகச் சொன்னான். தலையணைக்கு அடியில் கிடைத்ததாம். அப்பா சிரித்த முகமாக இருக்கும் படம் வேறு ஏது?

வேணியின் கையிலிருந்து துணி நழுவியது.

அந்தப் படத்தில் அப்பாவும், எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட அம்மாவும் மட்டும் இல்லை. பின்னால் ஊர்க்கோயில் உற்சவ அம்மன், பங்குனித் திருவிழாவுக்காக மண்டபத்தில் எழுந்தருளியிருந்தாள். கல்யாணம் எண்பத்திரண்டில். அதற்கு நாலைந்து வருஷம் கழித்து அந்த ஐம்பொன் சிலை களவு போனது. பூட்டு உடையவில்லை. கோயில் சாவி வைத்திருந்தவர் சின்னையா, இப்போது கூடத்தில் கிடத்தியிருக்கும் அவள் அப்பா. ஊர் அவரை நேரில் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஊரை விட்டு இந்த எடமலைப்பட்டி புதூருக்குக் குடிவந்து, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக் காலத்தை ஓட்டிவிட்டார்.

சிலை இப்போது வெளிநாட்டு மியூசியம் ஒன்றில் இருக்கிறது. அறுபதுகளிலேயே கடல் தாண்டி வந்துவிட்டது என்று அவர்களிடம் பத்திரம் இருக்கிறதாம். அது பொய் என்று காட்ட, அதற்குப் பிறகும் அம்மன் ஊரில் இருந்ததற்கு ஒரு போட்டோ வேண்டும். சிலையை மீட்க வந்த அதிகாரிகள் ஊரில் வீடு வீடாகக் கேட்டார்கள். தை மாதம் இங்கேயும் வந்து மியூசியத்துச் சிலையின் படத்தைக் காட்டினார்கள். அப்பா, தன்னிடம் எதுவும் இல்லை என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

அவர்கள் போனபின் வேணியிடம் மட்டும் கல்யாணப் படத்தைக் காட்டினார். அம்மனின் வலது கைச் சுண்டுவிரல் பாதி இல்லை. மியூசியத்துச் சிலைக்கும் அப்படித்தான்.

"குடுத்துடலாமேப்பா."

"சாவியைப் பத்திக் கேப்பாங்க."

"நீங்க யாருக்காவது தொறந்து விட்டீங்களா?"

அவர் படத்தைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்த நாளிலிருந்து வேணிக்கு நிம்மதியான தூக்கம் இல்லை.

இன்று ஊர்ப் பங்காளிகள் வேனில் வருகிறார்கள். அவர்கள் தோள் கொடுத்தால்தான் பாடை எழும். இத்தனை வருஷம் படத்தை மறைத்தார் என்று தெரிந்தால், தொடாமலே திரும்பிவிடுவார்கள். தம்பி ஒற்றை ஆளாக என்ன செய்வான்? தெருமுனைக்கு ஓடினாள்.

பேனர் கட்டியாகிவிட்டது. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்கு மேலே மாலையும் கழுத்துமாக அப்பாவும் அம்மாவும். அவர்களுக்கும் மேலே எடுப்பாக அம்மன். அவிழ்க்கச் சொல்ல வாயெடுப்பதற்குள் வேன் திரும்பிவிட்டது.

ஒப்பாரியோடு முதலில் இறங்கியவள் ராக்கம்மாள், மூத்த பங்காளி பிச்சையின் மனைவி. பேனரைப் பார்த்ததும் பாட்டு பாதியில் நின்றது. கிட்டே போய் அந்தச் சுண்டுவிரலை உற்றுப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். பின்னால் இறங்கியவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு, சாவு வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கும்பிட்டு நின்றார்கள். வேன் டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை.

பிச்சை திரும்பினார். "இது உங்கப்பன்கிட்டயா இருந்துச்சு?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"ஆமாங்க பெரியப்பா."

அவர் செல்போனை எடுத்து, அம்மன் முழுசாக விழுகிறாளா என்று பார்த்துப் படமெடுத்துக்கொண்டார். "நாளைக்கே அதிகாரிங்ககிட்ட குடுக்கணும். மத்ததை காரியம் முடிஞ்சு உக்காந்து பேசுவோம்."

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். பாடை எழும் என்று தெரிந்தது. ஆனாலும் அந்தப் 'பேசுவோம்' வேணியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. ராக்கம்மாள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். விட்ட ஒப்பாரியைத் தொடரவில்லை.

பாடை தெருமுனைக்கு வந்ததும் பிச்சை நிறுத்தினார். ஊரில் பிணம் கடக்கும்போது கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள்.

"அம்மன் முன்னாடி பொணத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. திரை போடுங்க."

யாரும் நகரவில்லை. வேணி ஓடிப்போய், கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை எடுத்து வந்தாள். ஸ்டூலில் ஏறி, அதை மடித்து அம்மனை மட்டும் மறைத்துக் கட்டினாள். கீழே மாப்பிள்ளைக் கோலத்தில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

பாடை நகர்ந்தது. காற்றில் வேட்டியின் ஓரம் தூக்கியது. அரை விரலோடு ஒரு கை வெளியே தெரிந்தது. வேணி எட்டி அந்த ஓரத்தைப் பிடித்தாள். பாடை மெயின் ரோட்டில் திரும்பி மறையும்வரை விடவில்லை.