அலைத்தடுப்புச் சுவரில் ஒன்பதாவது போன்

எட்டு நாளில் எட்டுப் போன்களை மாட்டி முடித்திருந்தாள் அராபா. மழையும் உப்புக்காற்றும் உள்ளே புகாத, இன்டர்நெட் கேபிளில் ஓடும் கனத்த மஞ்சள் பெட்டிகள் அவை. கட்டுப்பாட்டு அறையின் அறிவிப்புகளுக்காக ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஒலிபெருக்கியும் உண்டு. கப்பல் கட்டும் மேடையில் இரண்டு, மீன் இறக்கும் துறையில் ஒன்று, மாங்கனீசு ஏற்றும் இடத்தில் மூன்று என்று துறைமுகம் முழுக்க மாட்டிக்கொண்டு வந்தாள். துளை போடுவதும் போல்ட் முடுக்குவதும் அவளுக்கு வெல்லம். ஒவ்வொரு போனையும் மாட்டிய பிறகு செய்ய வேண்டிய கடைசி வேலைதான் கசந்தது. கட்டுப்பாட்டு அறைக்குப் பேசி, குரல் சரியாகப் போகிறதா என்று கேட்க வேண்டும். அங்கே எடுப்பவள் ஃபிலோமினா, அராபாவின் கூடப் பிறந்த அக்கா. இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"கட்டுப்பாட்டு அறை."

"மூணாம் நம்பர். சோதனை. கேக்குதுங்களா, மேடம்?"

"கேக்குது."

"நன்றி மேடம்."

அவ்வளவுதான். துளை போடும் ஜோஜோவுக்கு ஐம்பது வயது. பெரிய தொப்பையும் அதைவிடப் பெரிய வாயும் உள்ள மனிதர். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"சொந்த அக்காளை மேடம்ங்கிறே. நான் என் மாமியாரைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்ல தாயி."

"வேலையைப் பாருங்கண்ணே."

நாலாம் நம்பரில் ஒரு தகராறு வந்தது. மாட்டிய மறுநாள் காலை, மழை விட்டதும், சரிபார்க்கப் பேசினாள்.

"பானைக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள் ஃபிலோ.

"புது போன், மேடம். அப்படி இருக்காது."

"போன் புதுசுதான். என் காதும் ஒண்ணும் கெட்டுப்போகல."

அராபா பொருமிக்கொண்டே மூடியைக் கழற்றினாள். உள்ளே ரப்பர் வளையத்தை ஒட்டி முத்து முத்தாகத் தண்ணீர். தூரம் குறையும் என்று ஜோஜோ கேபிளைப் பெட்டியின் மேல்பக்கமாக நுழைத்திருந்தார். மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்து, துடைத்து, காயவைத்து, கேபிளைக் கீழ்ப்பக்கமாகக் கொண்டுவந்து, தண்ணீர் சொட்டி விழுவதற்கு ஒரு தொய்வும் விட்டு மறுபடி மூடினாள். அரை நாள் போயிற்று.

"இப்ப கேக்குதுங்களா?"

"ம். இப்ப பானையை விட்டு வெளிய வந்துட்டே."

வந்துட்டே. அந்த ஒருமை அராபாவின் காதில் சுருக்கென்று தைத்தது. "நன்றி மேடம்" என்று அவசரமாக வைத்துவிட்டாள். அன்று மாலை வரை திருகுகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜோஜோவும் புத்திசாலித்தனமாகச் சீட்டியடிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அப்பா செத்துப்போனார். இதே துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பது வருடம் கயிறு வீசியவர். அராபா அப்போது தார்க்வா என்ற ஊரில் தங்கச் சுரங்கத்தில் வேலையாக இருந்தாள். அப்பா ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்ததே அவளுக்குத் தெரியாது. ஒரு சித்தி மகன் போனில் ஸ்டேட்டஸாக வைத்திருந்த, கறுப்புச் சட்டமிட்ட அப்பாவின் அஞ்சலிப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். இறுதிச் சடங்கில், கறுப்பும் சிவப்பும் உடுத்திய முந்நூறு பேருக்கு முன்னால், "அப்பாவுக்கு நீ ஒருத்திதான் மகளா? அப்படித்தானே ஆசைப்பட்டே?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினாள். ஃபிலோ துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு அராபாவின் போனை எடுக்கவே இல்லை. துறைமுகத்தில் இந்த வேலை கிடைத்தபோது, கட்டுப்பாட்டு அறையில் அக்கா இருப்பாள் என்று தெரிந்தேதான் அராபா ஒப்புக்கொண்டாள்.

ஒன்பதாவது போன் அலைத்தடுப்புச் சுவரின் முனையில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே உள்ள சின்னக் கான்கிரீட் அறையின் வெளிச்சுவரில் வர வேண்டும். கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கடல். ஆகஸ்டு மாதக் கொந்தளிப்பு வேறு. காலையில் பிக்கப் வண்டி இருவரையும் சாமான்களையும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஜோஜோ நாலு துளை போட்டார். அராபா துளையிலிருந்த தூளை ஊதித் தள்ளி, பசையை நிரப்பி, எஃகு போல்ட்டுகளைத் திருகி இறக்கினாள். பசை இறுகும் வரை போல்ட்டைத் தொடக் கூடாது. தொட்டால் என்றைக்கும் ஆடிக்கொண்டே இருக்கும்.

"தாயி, அங்க பாரு" என்றார் ஜோஜோ. சுவரின் நடுப்பகுதியில் ஒரு அலை பாறைகளைத் தாண்டி ஏறி, பாதையை நனைத்துவிட்டு மறுபக்கம் வழிந்தது.

"ஒண்ணுதானே அண்ணே. இன்னும் இருபது நிமிஷம். மறைச்சு நிக்காம விட்டுட்டுப் போனா, ஈரப் பசையில அலை அடிச்சு நாளைக்கு மறுபடி நாலு துளை."

"துளை போடுறவன் நான்தானே. நாளைக்கும் போடுறேன்."

"இருபதே நிமிஷம்."

அந்தப் பிடிவாதத்தை நினைத்து அவள் பிறகு பலமுறை வெட்கப்பட்டாள். இருபது நிமிடத்தில் நடுப்பாதை ஒரேயடியாக வெள்ளை நுரையாகிவிட்டது. வண்டி வர வழியில்லை, நடக்கவும் வழியில்லை. ஜோஜோ இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை எடுத்தார். ஒரு அலை அவர் முதுகில் அடித்து, அவரையும் அதையும் மத்தியானத்துக்குக் கொண்டுவந்த மக்காச்சோளக் கென்கிப் பொட்டலத்தையும் சேர்த்து நனைத்தது. வாக்கி-டாக்கி கொர்ரென்று இரைந்து அடங்கிப்போயிற்று.

"மாட்டு! போனை மாட்டு!" என்று கத்தினார்.

அராபா பெட்டியைத் தூக்கினாள். ஜோஜோ தன் தொப்பையாலேயே அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். நாலு நட்டுகளையும் முடுக்கி, எர்த் கம்பியைக் கட்டி, கேபிளைக் கீழிருந்து செருகி, மூடியின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கினாள். ஒரு திருகைக்கூட விடவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. ரிசீவரை எடுத்தாள்.

"கட்டுப்பாட்டு அறை."

"அக்கா."

அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது. மறுபக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அராபா? எங்கேருந்து பேசுறே?"

"ஒன்பதாம் நம்பர்."

"முனையிலயா? எல்லாரும் சுவரை விட்டு இறங்குங்கன்னு இப்பதானே எல்லா ஒலிபெருக்கியிலயும் சொன்னேன்! காதைக் கடன் குடுத்திருக்கியா?"

"இங்க ஒலிபெருக்கி இன்னும் மாட்டலக்கா. அடுத்து அதைத்தான் மாட்டணும்."

ஃபிலோ யாரிடமோ வேகமாக ஏதோ சொல்வது கேட்டது. பிறகு குரல் திரும்பி வந்தது. "பைலட் படகு கிளம்பிடுச்சு. உள்பக்கத்து ஏணிக்கு வரும். அரை மணி ஆகும். ரெண்டு பேரும் அறைச் சுவரோட ஒட்டி நில்லுங்க. லைனை வைக்காதே."

"வைக்கல."

"பேசிக்கிட்டே இரு. உன் சத்தம் நின்னுட்டா நான் என்னன்னு நினைக்கிறது?"

"என்ன பேசுறது?"

"எதையாவது பேசு. ரெண்டு வருஷமா உள்ள வச்சிருக்கியே, அதைப் பேசு."

இன்னொரு அலை விளக்குக் கம்பத்தில் மோதிச் சிதறியது. தண்ணீர் தலை வழியாக வழிய, அராபா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் எனக்குச் சொல்லல? ஆறு வாரம் அக்கா. ஒரு நாள்கூடவா சொல்லத் தோணல?"

"தினம் தோணுச்சு."

"அப்பா சொல்ல வேண்டாம்னாரா?"

"இல்ல. அவர் மேல பழி போட மாட்டேன். அவர் உன்னைக் கேட்டுக்கிட்டேதான் இருந்தார். நான்தான்." ஃபிலோவின் குரல் உடைந்தது. "நம்பரைப் போடுவேன். நீ எடுப்பே. சிரிச்சுக்கிட்டே எடுப்பே. மேஸ்திரியைப் பத்தி ஏதாவது கோமாளிக்கதை சொல்லுவே. உன்கிட்ட சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சு, அராபா. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஓட்டினேன். அப்புறம் நாளைக்கே இல்லாமப் போயிடுச்சு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"முந்நூறு பேருக்கு முன்னாலயா? நான் கோழைன்னா?"

அராபா அழுதாள். கடல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததால் எது எந்தத் தண்ணீர் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் சொன்னது அசிங்கமான பேச்சு. நீ ஒருத்திதான் மகளான்னு கேட்டது. அதை நினைச்சா ராத்திரியில எழுந்து உக்காந்துடுவேன்."

"எனக்கும் அது வலிச்சுச்சுதான்."

"வலிக்கட்டும்னுதான் சொன்னேன்."

"தெரியும். உன் வாய் எனக்குத் தெரியாதா? நாலு வயசுல பாதிரியாரையே கடிச்சவதானே நீ."

ரிசீவரில் காதை ஒட்டியிருந்த ஜோஜோ வாய்விட்டுச் சிரித்தார். "பாதிரியாரைக் கடிச்சாளா? என்கிட்ட இதைச் சொல்லவேயில்லையே!"

"பக்கத்துல யாரு?"

"ஜோஜோ அண்ணன். அவர் கென்கி நனைஞ்சுபோச்சு."

"அண்ணே, அவளைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

"பிடிச்சிருக்கேன் மேடம். இந்தத் தொப்பையைத் தாண்டி எந்த அலை வரும்?"

நாலு துளைக்காக இருபது நிமிடம் நின்றதை ஜோஜோ போட்டுக்கொடுத்தார். அதன் பிறகு என்னென்னவோ பேசினார்கள். ஃபிலோவின் மூத்த பையனுக்குக் கண்ணாடி போட்டது, அராபாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சுரங்கத்துக் கணக்கர், அவன் வாயில் வீசும் பூண்டு நாற்றம், ஃபிலோவின் மூட்டுவலி. பேச்சு ஓய்வதற்குள் பைலட் படகு உள்பக்கத்து ஏணிக்கு வந்துவிட்டது.

படகோட்டி குவேகு, அப்பாவோடு வேலை பார்த்தவர். இருவரையும் கைகொடுத்து இறக்கி, அராபாவின் தோளில் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சமாதானம் ஆயிடுச்சு போல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு மட்டுமா? துறைமுகத்துக்கே தெரியும். உங்கக்கா ஒலிபெருக்கியில அறிவிப்புக் குடுத்தப்ப அந்தப் பொத்தான் அழுந்தினபடியே நின்னுடுச்சு, உன் குரலும் அவ மேசை ஸ்பீக்கர் வழியா அதுல ஏறிடுச்சு. நீ மாட்டின எட்டு இடத்துலயும் நீங்க ரெண்டு பேரும்தான் இத்தனை நேரமும். நல்ல போனும்மா. ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு."

அராபாவுக்குத் தார்ப்பாயைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. "பூண்டு நாத்தமும் கேட்டுச்சா?"

"அதுக்குத்தான் மாங்கனீசுப் பக்கம் கைதட்டினாங்க."

மீன் துறையில் படகு ஒட்டியபோது ஒரு கூட்டமே நின்றது. மீன் சுடும் பெண்கள் ஈரக்கையோடு வந்திருந்தார்கள். அவர்களில் பருமனான ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: "ரெண்டு வருஷமாடி? நானும் என் தங்கச்சியும் ஒரு சட்டிக்காக அஞ்சு மாசம் பேசல. இன்னைக்குச் சாயங்காலமே போறேன் அவ வீட்டுக்கு." இன்னொருத்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, "எங்கப்பாவும் இப்படித்தான் போனார்" என்றாள்.

ஃபிலோ கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். அலுவலகச் செருப்பு கையில் இருந்தது. நேராக வந்து அராபாவின் ஈரத் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இருபது நிமிஷம்! நாலு ஓட்டைக்காக!" பிறகு அதே கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். துறைமுகத் தலைவர் பின்னாலேயே வந்து, இருவரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று கடுமையாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணும் கொஞ்சம் சிவந்திருந்தது.

விளக்கத்தை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். அறிவிப்புப் பொத்தான் அழுந்தி நின்றால் சிவப்பு விளக்கு மின்னும்படி அராபா மாற்றிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் ஃபிலோவின் வீட்டுக்குப் போனாள். ஃபிலோ செம்பனைக் குழம்பில் மீனை வேகவிட்டுக்கொண்டிருந்தாள். பையன்கள் சித்தியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் கூச்சலிட்டுவிட்டுப் பந்து விளையாடப் போனார்கள்.

"சொல்லுக்கா" என்றாள் அராபா, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "முதல் நாள்லேர்ந்து சொல்லு. ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போனார்? யார் கூட்டிட்டுப் போனாங்க? என்ன சாப்பிட்டார்?"

"எல்லாமா?"

"எல்லாம். ஒரு நாளையும் விட்டுடாதே."

ஃபிலோ அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அப்பா ஆஸ்பத்திரிச் சட்டையைப் போட மறுத்து, இழுவைப் படகுத் தொப்பியோடு கட்டிலில் உட்கார்ந்து, வந்த டாக்டரிடம் "கயிறு போடத் தெரியுமா தம்பி உனக்கு?" என்று கேட்டதிலிருந்து ஆரம்பித்தாள். அராபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஃபிலோவும் சிரித்தாள். இருட்டுவதற்குள் மூன்றாவது வாரம் வரைதான் வந்திருந்தார்கள். மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, குழம்பில் கிடந்த பெரிய மீன் துண்டை யார் தட்டில் போடுவது என்று சண்டை போட்டார்கள்.