கண்ணாடிப் பெட்டிக்குள் மாப்பிள்ளை

1

உண்மையைச் சொல்லிவிடலாம். இந்தக் கதை பிறந்தது கலை ஆர்வத்தால் அல்ல, இரண்டு படுக்கையறைகளால்.

இதை எழுதுகிறவருக்கு ‘நான்’ என்று எழுத வராது. வார இதழ்களைத் தின்றே வளர்ந்து, பிறகு அவற்றுக்கே மர்மத் தொடர் எழுதிப் பிழைக்கிறவர் அவர். அந்தத் தொழிலில் ‘நான்’ என்று ஆரம்பிக்கிற ஆசாமி, ஒன்று மூன்றாம் வாரத்தில் கொலையாவான், இல்லை கடைசி வாரத்தில் கொலைகாரன் ஆவான். எதற்கு வம்பு? இந்தக் கதையில் அவர் பெயர் தொடர்கதைக்காரர்.

பள்ளி விடுமுறை முழுக்க மகள் அவரோடு இருக்கலாம் என்று மகளின் அம்மா சம்மதித்திருந்தாள். (அவர்கள் பிரிந்து சில வருடங்கள் ஆகின்றன. காரணம் கேட்காதீர்கள், அது வேறு ரகக் கதை.) ஆனால் அவர் குடியிருந்ததோ ஒற்றை அறை. சுவரோரம் பழைய இதழ்கள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கத்தி. ஒன்பது வயதுப் பெண்ணை அங்கே எங்கே படுக்க வைப்பது? அந்த நேரம் பார்த்து, ஒரு போர் அருங்காட்சியகம் எழுத்தாளர் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. மாடியில் தங்கிக்கொள்ளலாம். போர்க்காலத்தில் வேலை பார்த்த ஒரு விலங்கைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கதை எழுதித் தர வேண்டும். மாடியில் இரண்டு படுக்கையறைகள். தொடர்கதைக்காரருக்கு அந்த நிமிடமே விலங்குகள் மீது பாசம் பொங்கிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். லட்சம் பேரை வியாழக்கிழமை இதழுக்காகக் காக்க வைத்தவரின் ஒரு வரியைக்கூட மகள் படித்ததில்லை. பிணம் வராத பக்கமே அவர் எழுதியதில்லை என்பதால் அம்மா தடை போட்டிருந்தாள். மகள் கையில் தைரியமாகக் கொடுக்கக்கூடிய முதல் கதை இதுதான். ஒரே ஒரு தடவை அவள் ‘அப்புறம்?’ என்று கேட்டுவிட்டால் போதும், அடுத்த விடுமுறைக்கும் தானாக வந்துவிடுவாள். அப்படி ஒரு நப்பாசை அவருக்கு.

2

‘இருட்டு. மலைப்பாதை. குளம்புச் சத்தம் சட்டென்று நின்றது. பின்னால் யாரோ…’

அடித்தாயிற்று. யாரோ என்றால் யார்? அவருக்கே தெரியாது. (தொழில் ரகசியம்: தொடர்கதை எழுதுகிறவனுக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரியவே கூடாது. தெரிந்தால் வாசகன் மோப்பம் பிடித்துவிடுவான்.)

‘ஒரு ஊரில் ஒரு கோவேறு கழுதை இருந்…’

இதுவும் கிடக்கட்டும். இப்படி ஆரம்பித்தால் நாலாவது வரியில் நீதி வந்து உட்கார்ந்துவிடும்.

நிஜத்தில் இருந்தது ஒரு கோவேறு கழுதைதான். மலைப் போரில் தண்ணீர் டின் சுமந்த கழுதை. அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், பாடம் செய்து நிறுத்தியிருந்தார்கள். வாலில் பூச்சி அரித்திருந்தது. ஒரு காது முன்னாலும் ஒரு காது பின்னாலும் திரும்பியிருக்க, இரண்டு பேர் சண்டையை ஒரே நேரத்தில் ஒட்டுக்கேட்பது போல நின்றது. சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. கெஞ்சினால்தான் நடக்கும்; குரலை உயர்த்தினால் முறுக்கிக்கொள்ளும்; கூப்பிட்ட மரியாதை குறைந்தால் சாப்பிடாது. வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

பொறுப்பில் இருந்த காப்பாட்சியர் அம்மாவை எல்லாரும் மேடம் என்றார்கள். மேடம் முதல் நாளே மூன்று தடை விதித்தார். ரத்தம் கூடாது. எதிரி நாட்டைத் திட்டக் கூடாது. கழுதை பேசக் கூடாது. தொடர்கதைக்காரருக்கு முதலாவது மட்டும்தான் வலித்தது.

3

முதல் அத்தியாயத்தை அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளுக்குப் படித்துக் காட்டினார். மாப்பிள்ளை மலையேறுகிறது. மேலே தாகத்தோடு சிப்பாய்கள். வளைவில் ஒரு நிழல் அசைகிறது. ‘டுமீல்! கயிறு அறுந்தது. புழுதி அடங்கியபோது அங்கே மாப்பிள்ளை…’ அவ்வளவுதான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பி உட்கார்ந்தார். இருபது வருட அனுபவம். இந்த இடத்தில் யாராலும் சும்மா இருக்க முடியாது.

மகள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“செத்துப்போச்சுப்பா,” என்றாள்.

“யாரு சொன்னா?”

“பாத்துட்டு வந்தேன். கீழ நிக்குது.”

இந்த உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் செய்யாத தவறு இது. கதாநாயகன் பிழைப்பானா மாட்டானா என்று இழுத்துப் பிடிக்கிற கதையை, அதே கதாநாயகன் பஞ்சடைத்து நிற்கிற கட்டடத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வாசகி எழுந்து நடக்கிற தூரத்தில் முடிவு இருக்கிறது, அதுவும் விளக்குப் போட்டு.

(மகளைச் சமாளிக்க அவர் சொன்ன பதில் இங்கே இருந்தது. படித்துப் பார்த்தால் அவருக்கே வெட்கமாக இருந்ததால் எடுத்துவிட்டார்.)

4

இக்கட்டு வந்தால் மர்மக் கதைக்காரன் எங்கே ஓடுவான்? ஆள்மாறாட்டத்துக்கு.

மறுநாள் இரண்டாவது அத்தியாயம் வந்தது. அதில், பெட்டிக்குள் நிற்பது மாப்பிள்ளையே இல்லை. ராணுவத்தை ஏமாற்ற யாரோ வேறு கழுதையை ஒப்படைத்துவிட்டார்கள். நிஜ மாப்பிள்ளை மலையிலேயே எங்கோ…

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். “அப்புறம்?”

தொடர்கதைக்காரர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டியே வாசித்தது.

அன்று முழுக்க அவள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போலி என்பதற்குத் தடயம் தேடினாள். குளம்பு சந்தேகம் என்றாள்; மூக்கு யாரோ ஒட்டியது என்றாள். கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகள் விஷயம் கேட்டன. அவளும் வஞ்சனை இல்லாமல் சொன்னாள். சாயங்காலத்துக்குள் மூன்று குடும்பங்கள் டிக்கெட் கவுண்டரில் போய் நின்று, அசலைப் பார்க்க வேண்டும் என்றன.

மேடம் மாடிக்கே வந்துவிட்டார். கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“சார், எங்ககிட்ட பீரங்கி எத்தனையோ இருக்கு. கழுதை ஒண்ணே ஒண்ணுதான். அதையும் போலின்னு கிளப்பி விட்டுட்டீங்க.”

கதைதானே மேடம் என்று அவர் இழுத்தார். கதை வெளியே இருந்தால் கதை, இந்தக் கட்டடத்துக்குள் சொன்னால் தகவல் என்றார் மேடம். நிஜத்தில் என்னதான் நடந்தது என்று தொடர்கதைக்காரர் கேட்டார். (கவனியுங்கள், இத்தனை நாள் அங்கே தங்கி, அப்போதுதான் கேட்கிறார்.) மேடம் சொன்னது கொஞ்சம்தான். போர் முடிந்து நெடுநாள் கழித்து, மாப்பிள்ளை லாயத்தில் கிழடாகி, தின்ற தீனி செரிக்காமல் செத்தது. ஆனால் போரில் ஒரு நாள், தண்ணீர் டின்னோடு மலையேறும்போது, ஒரு வளைவுக்கு முன்னால் நின்றுவிட்டது. இழுத்தார்கள், கெஞ்சினார்கள், நகரவில்லை. பின்னால் வந்த வரிசை மொத்தமும் நின்றது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது.

“இதை எழுதுங்க. ஊருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கடைசிப் பக்கம் வரைக்கும் வெள்ளிக்கிழமை என் மேஜைக்கு வந்தாகணும்.”

வெள்ளிக்கிழமை. மகளின் அம்மா அழைத்துப்போக வருவதும் அன்றைக்குத்தான்.

5

எழுதினார். ஆள்மாறாட்டம் போச்சு, டுமீல் போச்சு. ஒரு பாதை, ஒரு கயிறு, கயிற்றின் ஒரு முனையில் தாகம் எடுத்த ஒரு சிப்பாய், மறுமுனையில் நகர மறுக்கும் மாப்பிள்ளை. மகளுக்குத் தினமும் கொஞ்சம் படித்துக் காட்டினார். அந்தச் சிப்பாய் மாப்பிள்ளையைத் திட்டியது, பிறகு மன்னிப்புக் கேட்டது, தன் தொப்பியில் தண்ணீர் ஊற்றி நீட்டியது எல்லாம் அவளுக்குப் பிடித்தது. நிழல் அசையாமலே அவள் ‘அப்புறம்’ கேட்டாள். செத்துப்போச்சு என்பதை ஏனோ மறுபடி சொல்லவில்லை.

முடிவுதான் பாக்கி. தன் சரக்குப் பெட்டியைத் திறந்து காட்டிவிடுகிறார், பாருங்கள்:

வளைவுக்கு அப்பால் பாதை சரிந்து விழுகிறது. மாப்பிள்ளை நின்றதால் வரிசையே தப்பியது. (மேடத்துக்குப் பிடிக்கும். மாப்பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று மகள் கேட்பாள். அதோடு தொலைந்தோம்.)

அல்லது, எதுவும் விழவில்லை. அதற்குக் கால் வலி. எல்லாரும் உட்கார்ந்து பீடி பிடித்தா… (குழந்தைகள் புத்தகம். பீடி கூடாது.) எல்லாரும் உட்கார்ந்து ஓய்வெடுத்தார்கள், பிறகு நடந்தார்கள். நிஜம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அட்டைப் படம் போட எதுவும் இருக்காது.

மூன்றாவது முடிவு அவர் மட்டும் யோசித்து வைத்தது. மகளுக்கு முடிவைச் சொல்லாமலே அனுப்புவது. கயிறு இறுகி நிற்கிற இடத்தில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வது. மிச்சம் அடுத்த விடுமுறையில்.

வெள்ளிக்கிழமை வந்தது. வாசலில் வாடகைக் கார் நின்றது. மகளின் அம்மா இறங்கி, பையை டிக்கியில் வைத்தபடி, வேலை முடிந்ததா என்று கேட்டாள். கடைசிப் பக்கம் மட்டும் இருக்கிறது என்றார் அவர்.

“இன்னும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் கதவைத் தட்டுற சத்தத்தோடதான் நிறுத்துறீங்களா?” என்றாள் அவள், சிரிக்காமல்.

மகள் காருக்குப் போகாமல் படியிலேயே நின்றாள். ஏறச் சொன்னால் ஏறவில்லை. அப்பாவின் சட்டைப் பையையே பார்த்தாள்.

“மாப்பிள்ளை ஏன் நின்னுச்சு?”

“அது பெரிய கதைடா கண்ணு. அடுத்த தடவை வரும்போது…”

“முடிவு சொல்லாம வெச்சா நான் வருவேன்னு நினைக்கிறியா?”

தொடர்கதைக்காரர் இந்த இடத்தில் ஒரு நல்ல வசனம் எழுத எவ்வளவோ முயன்றார். அன்றைக்கு அவர் செய்தது சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டது மட்டும்தான். ஆகவே இங்கேயும் வசனம் இல்லை.

“முடிவைச் சொல்லிடுப்பா,” என்றாள் அவள். “நான் வர்றது வேற விஷயம்.”

6

அவர் படியில் குந்தி உட்கார்ந்தார். வாயருகே கையைக் குவித்து, அவள் காதில் சொன்னார். மேலே சொன்ன இரண்டில் எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு ஒரு கதையைச் சொன்னார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள்.

நடுவில் ஒரு இடத்தில் மகள் தடுத்தாள். அந்தச் சிப்பாய் அப்படிப் பேச மாட்டான் என்றாள். எப்படிப் பேசுவான் என்று அவளே சொன்னாள். அவர் மாற்றிக்கொண்டார்.

முடிந்ததும், “சுமாரா நல்லாருக்கு,” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

அந்தக் கடைசிப் பக்கம் சாயங்காலம் மேடத்தின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது, சிப்பாயின் திருத்திய வசனத்தோடு. இங்கே அது வராது. முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்கள் வருடக்கணக்காக அவரிடம் பாதியில் மாட்டிக்கொண்டு பழகியவர்கள். உங்களுக்குப் பாதை, கயிறு, டின், தொப்பித் தண்ணீர், அசையாத மாப்பிள்ளை எல்லாம் கொடுத்தாயிற்று. அது ஏன் நின்றது என்று நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் காது ஏதாவது இருந்தால் அதில் சொல்லுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு அவள் வந்தாளா என்றுதானே கேட்க வாய் எடுக்கிறீர்கள்?

அது வேற விஷயம்.