இடையில் நிற்காத சுற்று

"மறுபடியும் நின்னுட்ட," என்றான் ஜெகதீஷ்.

அருணா அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். கொச்சியில் கணவனும் மனைவியுமாக வால்ட்ஸ் என்கிற ஜோடி நடனம் கற்றுக்கொள்கிறார்கள். ஆரம்ப வகுப்பு முடிந்து இரண்டாவதில் ஒரு சுற்று வந்தது. அவன் திரும்புகிற போக்கிலேயே அவள் எங்கும் தடைபடாமல் அவனைச் சுற்றி வழுக்கிப் போகவேண்டும். அவளுக்குப் பாதியில் கால் ஊன்றிவிடும்.

"மாமா இருமுனா நிக்கிற. கொச்சியில இருக்கையில போன் வந்துருமோன்னு நிக்கிற," என்றான் தணிந்த குரலில்.

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அவள் அப்பா வெள்ளைத்துரைக்கு அது கேட்டுவிட்டது. போடி வீட்டின் கூடத்தில் ஆடிக்காட்டச் சொன்னதே அவர்தான். வருகிறவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து மூக்கைச் சிந்துவது அவருக்குச் சலித்துப்போயிருந்தது.

"எனக்குக் காவலுக்கு ஒங்கம்மா இருக்கா. நீ ஆடு ஆத்தா."

தலைமாட்டில் அன்னக்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நுரையீரல் போய்விட்டது, கடைசியில் மூச்சுக்கு ரொம்பத் திணறுவார், மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று தேனி டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அந்தத் திணறலைக் கனவில்கூடக் கேட்டுக்கொண்டிருந்தாள் அருணா.

ஜெகதீஷ் வாய்க்குள் தாளம் சொன்னான். காலை எங்கே வைப்பதென்று இந்தமுறை அவள் யோசிக்கவில்லை. அவன் மார்பு திரும்பிய பக்கம் அவள் உடம்பு தானாகப் போனது. ஜன்னல், கட்டில், சுவர், மறுபடி ஜன்னல். எங்கும் கால் ஊன்றவில்லை. அவன் கண் விரிந்தது. நிறுத்த மனமில்லாமல் இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொன்று.

"பாத்தீகளாப்பா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

அன்னக்கொடி அவர் இமைகளை மெல்ல மூடிக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா?"

"நீ சுத்திக்கிட்டு இருக்கையிலதான். ஒன்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. கொட்டாவி மாதிரி ஒரு மூச்சு, அம்புட்டுத்தான்."

"ஏம்மா கூப்புடல?"

"கூப்புட்டா நிப்பாட்டிருவீகல்ல."

அருணா தரையில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. விரல்கள் போர்வையைப் பிறாண்டவில்லை. அவள் நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது.

தேவாரம் ஊரிலிருந்து வந்த சித்தப்பா அழகுமலை வாசலிலேயே, "ரொம்பச் செரமப்பட்டாராம்மா?" என்றார்.

"இல்ல சித்தப்பா. செரமமே படல."

அடுத்து வந்தவர்களிடம், அவர்கள் கேட்கும் முன்பே அவள் அதைச் சொன்னாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. இத்தனை மாதமும் அடுப்படியில் நின்றபடியே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு ஓடிய அன்னக்கொடி, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள். பிறகு தட்டை மகளிடம் நீட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து."