விரிசல் விழுந்த பக்கம்

'டக்!'

வளைக்கும் இயந்திரத்திலிருந்து வந்த சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. சோதனைத் தகட்டிலிருந்து அறுத்தெடுத்த பட்டை, பாதி வளைவதற்குள் வாயைப் பிளந்துவிட்டது.

வெல்டிங் இன்ஜினியர் அவள்தான். எந்தக் கம்பி, எவ்வளவு கரண்ட், முதலில் தகட்டைச் சூடாக்க வேண்டுமா என்று செய்முறையை எழுதியவள். அதன்படி பற்றவைத்தவன் அவளுடைய கொழுந்தன். பட்டை உடையாமல் வளைந்தால் செய்முறையும் பாஸ், அவனும் பாஸ்; வேலை நிரந்தரம்.

"அண்ணி சிபாரிசு" என்று பட்டறையில் ஏற்கெனவே முணுமுணுப்பு. அந்த வாய்களை அடைக்கவே அவள் அவன்மேல் ஒரு படி கூடுதலாகப் பாய்ந்தாள்.

"கையா அது, கரண்டியா? வெல்டிங் பண்ணச் சொன்னா ஒட்டுப் போட்டு வெச்சிருக்கே!"

"இல்ல அண்ணி, நீங்க எழுதினபடிதான்..."

"எழுதினதுல என்ன தப்பு? கோளாறு உன் கையில. போ வெளியே!"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் தலையைத் தொங்கப்போட்டபடி போனான்.

அதற்குப் பிறகுதான் அவள் பட்டையைக் கையில் எடுத்தாள். வெல்டில் ஒரு கீறல்கூட இல்லை. பிளந்தது வெல்டை ஒட்டிய தகடு. தடித்த தகட்டைச் சூடாக்காமல் பற்றவைத்தால் சட்டென்று குளிர்ந்து, இறுகி, கண்ணாடி மாதிரி உடையும். மெல்லிய தகட்டுக்கான பழைய செய்முறையில் தடிமனை மட்டும் மாற்றி, 'சூடாக்கத் தேவையில்லை' என்ற வரியை அப்படியே விட்டிருந்தாள்.

டீ குடிக்கப் போயிருந்த தரச் சோதனை இன்ஸ்பெக்டர் வந்தார். "என்னம்மா, பையன் சொதப்பிட்டானாமே? ஆளை மாத்திடலாமா?"

ஒரு தலையாட்டல் போதும். அவள் மானம் தப்பும். அவன் வேலை போகும்.

"ஆள் சரி சார். நான் எழுதினதுதான் தப்பு. சூடு பண்ணச் சொல்லாம விட்டுட்டேன்."

சிரித்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். காது மடல் எரிந்தது.

"அப்ப ஃபெயில் ஆனது நீங்களா?"

"நான்தான்."

கொழுந்தன் வாசல் சுவரோரம் குந்தியிருந்தான். கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடுப்பா. உன் வெல்ட்ல குறையே இல்ல. தப்பு என்னோடது."

அவன் முகம் தெளியவில்லை. "அண்ணன்கிட்ட போன்ல சொல்லிட்டேனே அண்ணி... உங்க மானத்தை வாங்கிட்டேன்னு."

கணவனை அழைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"கோவப்படாதே. அவ்ளோ பாடுபட்டு நீ எழுதினதை இந்தப் பய கெடுத்துட்டான். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்..."

"இருங்க. நான் சொல்றது உங்க தம்பி காதுலயும் விழட்டும்" என்று ஸ்பீக்கரைப் போட்டாள். "கெடுத்தது அவன் இல்லங்க, நான் எழுதினதுதான். மன்னிப்பு நான்தான் கேக்கணும்."