துக்கக் கூடாரத்தில் கேட்காத கேள்வி

மாவு மில் ஹிலாலைக் கரும்புக் காட்டில் சுட்டது யாரென்று மூன்று வருடமாகப் போலீசுக்குத் தெரியவில்லை. கடைசியில் என் மைத்துனன் பகீத்தைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவனா? கோழி அறுக்கச் சொன்னாலே கண்ணை மூடிக்கொள்கிற பயல். என் பெண்டாட்டி அழுத அழுகையில் என் காபிக்கடையில்கூட எனக்கு நிம்மதியில்லை.

ஹிலாலின் மனைவி ரத்தீபாவிடம் போனேன். "மதினி, பகீத் செஞ்சிருக்க மாட்டான்னு உங்களுக்கே தெரியும்ல?"

"தெரியும். யாருன்னுதான் தெரியல." கொஞ்சம் யோசித்தாள். "துக்கக் கூடாரம் போடு வஹ்பா. காபி உன் பொறுப்பு. மிச்சம் என் பொறுப்பு."

எங்கள் நைல் கரையில், பழி தீரும்வரை கொலையானவன் வீட்டில் துக்கம் கேட்க விடமாட்டார்கள். கூடாரம் எழுந்தால் கொன்றவன் கதை முடிந்தது என்று அர்த்தம். இங்கே ஒரு ஈகூடச் சாகவில்லை. விசாரணை அதிகாரி ஷெரீபிடம் சொன்னேன். மனுஷன் சிரித்துக்கொண்டே ஒரு கிராமத்து அங்கியை மாட்டிக்கொண்டு மூலையில் வந்து உட்கார்ந்தார். அடியில் பூட்ஸ் பளபளத்தது.

ஊர் பதறியது. வீட்டுக்கு வீடு ஆம்பிளைகளைக் கூப்பிட்டு, யாரையாவது காணோமா என்று சரிபார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் காபியை வாங்குமுன் என் காதைக் கடித்தார்கள்.

"யாருடா போனது?"

"எந்த வீட்டு ஆளு? சொல்லித் தொலையேன்."

கரும்பு எடைபோடும் ஸனாத்தி மட்டும் ஃபாத்திஹா ஓதிவிட்டு, நிம்மதியாக இரண்டு காபி குடித்தான். தனக்குப் பதிலாக எவனோ போய்விட்டான் என்று நினைத்த மகராசன்.

நான் திரையோரம் போய்ச் சொன்னதும், பின்னாலிருந்து ரத்தீபா கேட்டாள்: "ஸனாத்தி அண்ணே, யாருன்னு நீங்க மட்டும் கேக்கலையே?"

"அதான்... முடிஞ்சுபோச்சே தாயி."

"முடியலண்ணே. நாங்க யாரையும் தொடல."

ஸனாத்தி, பழி தீர்க்க வேண்டிய ஹிலாலின் தம்பிகளைப் பார்த்தான். பிறகு எழுந்து நேராக அந்தப் பூட்ஸிடம் போனான்.

"ஐயா, நான்தான் சுட்டேன். என்னை இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க."

அவர்கள் போனதும் தம்பிகள் கூடாரத்தைப் பிரிக்க எழுந்தார்கள். "ரத்தம் விழலையே அண்ணி."

"விழுந்தது போதும். இருக்கட்டும். காபி ஊத்து வஹ்பா," என்றவள் மூன்று வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். நான் ஊற்றினேன்.

மறுநாள் காரணம்கூடச் சொல்லாமல் விட்டுவிட, பகீத் நேரே கூடாரத்துக்கு வந்தான். எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தான்.

"யாரு மச்சான் போனது?"