சீட்டுக்கு அடியில் இருந்த வயர்

புல்வெட்டும் வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுகிறவர் எழுந்தால் வண்டி அப்படியே நின்றுவிடும். குண்டும் குழியுமான தரையில் உடம்பு துள்ளும்போதெல்லாம் அது நின்று நின்று உயிரை வாங்கியது. வேலை முடியவில்லை என்று மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சூப்பர்வைசர், ஒரு நாள் அந்த சுவிட்சின் வயர் இரண்டையும் தன் கையாலேயே ஒன்றாக முறுக்கிவிட்டார். அதன் பிறகு வண்டி எதற்கும் நிற்கவில்லை.

சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, ஓட்டுநரின் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதனால் ஓட்டுநர் வாயைத் திறக்கவில்லை.

மழை விட்ட ஒரு காலை. குளத்துப் பக்கச் சரிவு வழுக்கும், இன்றைக்கு வேண்டாம் என்று ஓட்டுநர் சொல்லிப் பார்த்தார். மதியம் பெரிய முதலாளி வருகிறார் என்றார் மச்சான். பாதிச் சரிவில் வண்டி பக்கவாட்டில் சறுக்கியது. குதித்தவரை ஈரப்புல் வாரிவிட்டது. ஆளில்லாத வண்டி பிளேடு சுழலச் சுழல அவர் இடது பாதத்தின் மேல் ஏறியது. பூட்ஸோடு பாதி போயிற்று.

மூன்றாம் நாள் மச்சான் வார்டுக்கு வந்தார், கையில் டைப் அடித்த ஒரு தாளோடு. வயரை முறுக்கியது நானே என்று ஓட்டுநர் ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"உங்க கால் போனது போனதுதான். அண்ணன் வேலையும் போகணுமா?"

பேனாவின் மூடியையும் அவளே கழற்றிக் கொடுத்தாள்.

ஊன்றுகோலோடு திரும்பியவருக்கு கேட்டில் உட்காரும் வேலை தருவதாகச் சொன்னார்கள். பாதுகாப்புக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் நின்று தன் தப்பைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கூடியிருந்த நாற்பது பேரில் வயரை முறுக்கியது யார் என்று தெரியாத ஆளே இல்லை. மச்சான் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"வயரை நான்தான் முறுக்குனேன். புத்தி கெட்டுப் போய்ச் செஞ்சேன், கால் போச்சு," என்றார் ஓட்டுநர்.

நாற்பது பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க," என்றார் மேலாளர். "பின்னால கேக்கல."

மச்சான் எழுந்துபோய் மைக்கை எடுத்துவந்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். ஓட்டுநர் இன்னொரு தடவை சொன்னார்.